ஆறாம் வீட்டு மேகம்

2022 மார்ச் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு, பேராக்கில் ஏழாங்கட்டைத் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையில் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தின்மேல் ஒரு மேகம் வந்து நின்றது. பத்து நிமிடம் முன்புதான் பதினொரு வீட்டுச் சோலாருக்கும் சுவிட்சு போட்டிருந்தார்கள். மேகம் சரியாக லயத்தின் அளவு இருந்தது. முதல் வீட்டுச் சன்னாசியின் தண்ணீர்த்தொட்டியில் தொடங்கி, பதினோராம் வீட்டு ராஜுவின் மோட்டார் கொட்டகையில் முடிந்தது. அதற்கு அப்பால் செம்பனைகளின்மேல் வெயில் அடித்தது. மாரியம்மன் கோயில் கூரையிலும் அடித்தது. மற்ற மேகங்கள் காற்றோடு வந்து காற்றோடு போயின. இது போகவில்லை. மூன்று நாள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான்காம் நாள் பார்ப்பதை விட்டுவிட்டு, துவைத்த துணியைக் கோயில் பக்கம் கொண்டுபோய்க் காயப்போட ஆரம்பித்தார்கள்.

சோலார் அந்த லயத்துக்கு ஆசைப்பட்டு வந்ததல்ல. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, அதன்பின் தோட்டமே கைமாறியபோது, பழைய ஆலையின் ஜெனரேட்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லயத்து விளக்குகள் அதோடு போயின. அரசாங்க மின்கம்பி நான்காம் கட்டையில், அதாவது டவுனிலிருந்து நான்காவது மைலில், நின்றது. நிலம் யாருக்கு என்ற வழக்கு முடிந்தால்தான் மேலே வரும் என்றார்கள். வழக்குக்கு அப்போதே பதினான்கு வயது. கடைசியில் ஈப்போவில் ஒரு அரசாங்க ஒப்பிஸ் இரங்கியது. வீட்டுக்கு நான்கு பலகை, ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர், ஒரு மீட்டர். இரண்டு வருடம் பார்ப்பார்கள். கடைசி மூன்று மாதத்தில் மீட்டர் நாளுக்கு இரண்டு யூனிட் காட்டினால் லயத்தைக் குடியிருப்பாகப் பதிந்து அங்கேயே இருக்க விடுவார்கள். காட்டாவிட்டால் பதினொரு குடும்பமும் ஜெலாப்பாங் அடுக்குமாடிக்குப் போக வேண்டும். இப்படி எழுதிய சூராட் என்கிற ஒப்பந்தக் கடிதம் ஒன்றில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பேராக்கில் வெயிலுக்கா பஞ்சம் என்று சன்னாசி சொன்னார். அது மார்ச் ஏழாம் தேதி.

ஆறாம் வீட்டில் சரளா இருந்தாள். லயத்தின் நடுவீடு. ஐம்பத்தொரு வயது. கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவள். அச்சுக் கைகளிலிருந்து சூடான கையுறைகளை உருவுகிற வேலை. ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஆயிரம் கைகள் அவள் முன்னால் போயின என்று அவள் எண்ணியதில்லை. விடுமுறை நாளிலும் அவள் விரல்கள் தூக்கத்தில் எதையோ உருவிக்கொண்டிருக்கும். மணிக்கட்டு வீங்கி, வேலையை விட்டு, கையில் கிடைத்ததைக் கொண்டு ஐந்து லிட்டர் கிரைண்டர் ஒன்றும் பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றும் வாங்கினாள். தோசை மாவு அரைத்து டவுனில் நான்கு கடைகளுக்குப் போட்டாள். கணவன் தேவன் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் காவலுக்கு நிற்கிற ஜாகா வேலை பார்த்தான்; ஞாயிறு மட்டும் வந்து தூங்குவான். கிரைண்டருக்கும் பெட்டிக்கும் சேர்த்து நாளுக்கு மூன்று யூனிட் வேண்டும். மாவு ஓடினால் வீடு ஓடும். மாவு நின்றால் மறுபடியும் கமுந்திங் பஸ். இதற்கு நடுவில் வேறு எதுவும் இல்லை.

மேகம் வந்த மறுவாரம் பெர்னார்ட் வந்தான். பலகைகளைப் பொருத்தியவன் அவன்தான். ஜெலாப்பாங்கில் சின்னக் கடை, ஒரு வேன், கழுத்தில் சிலுவை. கூரைமேல் ஏறி ஒவ்வொரு பலகையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தான். ஒரு பழுதும் இல்லை. இறங்கி வந்து சரளா கொடுத்த கோப்பியைக் குடித்தான்.

"மேகம் இருந்தா சோலார் செத்துப் போவாதுக்கா. வெளிச்சம் சிந்திச் சிந்தி வரும். கொறைவா வரும், அவ்வளவுதான்."

"எவ்வளவு கொறைவா?"

"பத்து வரவேண்டிய எடத்துல ரெண்டு. நல்ல நாளா இருந்தா மூணு."

"நல்ல நாளு எப்ப தம்பி வரும்?"

பெர்னார்ட் அண்ணாந்து பார்த்தான். "பலகைக்குத்தாங்கா கேரண்டி குடுத்தேன்."

பலகைகளை நிழலுக்கு வெளியே நகர்த்தலாமா என்று சரளா கேட்டாள். வெளியே எல்லாம் செம்பனைக்காரன் நிலம். சூராட்டில் கூரை என்றுதான் எழுதியிருந்தது. மேகத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அப்படியே எட்டு மாதம் போயிற்று. நாளுக்கு ஒன்றே கால் யூனிட் வந்தது. சில நாள் ஒன்றரை. விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏறியது. இதுவே போதும் என்று சொல்லக்கூடியவர்கள் லயத்தில் இருந்தார்கள். சரளாவால் சொல்ல முடியவில்லை. கிரைண்டரைப் போட்டால் கல் கால் சுற்றுச் சுற்றும். இன்வெர்ட்டர் மூன்று முறை கீச்சிட்டு அணையும். காலையில் போடாமல் உச்சிவேளையில் போட்டுப் பார்த்தாள். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் போட்டாள். கல்லைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டே போட்டாள். அப்படித் தள்ளினால் சில நாள் ஓடியது. ஓடாத நாளில் ஊறின அரிசியையும் உளுந்தையும் வாளியில் வைத்து மோட்டார் சைக்கிளில் டவுன் மில்லுக்குக் கொண்டுபோனாள். ஏழு கட்டை மண்ரோடு. வாளி தளும்பி அவள் முதுகை நனைத்தது. அந்த வருடம் அவள் எப்போதும் முதுகு நனைந்தே இருந்தாள்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் கோயிலில் கூட்டம் போட்டார்கள். இப்படியே போனால் ஜெலாப்பாங்தான் என்பது அதற்குள் எல்லாருக்கும் புரிந்திருந்தது. கோயில் செயலாளர் என்ற முறையில் சன்னாசி பேசினார். அறுபத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர்.

"கல்யாணத்துக்குக் குத்துறமே, அந்த மாதிரி ஒரு குச்சி குத்திட்டா போவுதுலா. இதுக்கு என்னா மீட்டிங்கு?"

அது எல்லாருக்கும் தெரிந்த காரியம். கல்யாணத்தன்றோ தீமிதியன்றோ மழை வராமலிருக்க, சாத்தே இறைச்சி கோர்க்கிற மெல்லிய குச்சியில் ஒரு சிவப்பு மிளகாயும் ஒரு சின்ன வெங்காயமும் குத்தி மண்ணில் நட்டு வைப்பார்கள். மழை பக்கத்து ஊருக்குப் போய்விடும். காரியம் முடிந்ததும் நட்ட கையே அதைப் பிடுங்க வேண்டும். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் செய்வார்கள். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. பேச்சு வந்தது யார் நடுவது என்பதில்தான்.

"கன்னிப் பொண்ணு கையால குத்தணும்," என்றாள் ஐந்தாம் வீட்டுச் செல்லாயி. "இந்த லயத்துல நா கன்னிப் பொண்ணுக்கு எங்க போவேன்?"

"ஏன், நம்ம சன்னாசி மாமா இருக்காருல்ல?" என்றான் ராஜு.

கோயிலே சிரித்தது.

"டேய், பல்லத் தட்டிருவேன். அது பொம்பளைக்குச் சொன்னதுலா."

மூத்த பிள்ளை நட்டால் போதும் என்று ஒரு வீடு சொன்னது. கடைசிப் பிள்ளைதான் நட வேண்டும் என்று இன்னொரு வீடு சொன்னது. கோயில் வாசலிலா லயத்து முனையிலா என்று அடுத்து ஆரம்பித்தது. முனையில் நட்டால் முனைவீட்டுக்காரனுக்குத்தான் பலன் முதலில் போகும் என்று யாரோ சொல்ல, முனைவீட்டுக்காரனான ராஜு எழுந்து நின்றான். ஐந்து மணிக்குக் கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. ஆறு மணிக்குள் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுப் பின்பக்கம், யாருக்கும் தெரியாமல், ஒரு குச்சி நட்டுவிட்டார்கள். சரளா மட்டும் நடவில்லை. குச்சியில் நம்பிக்கை இருந்தது, உடம்பில்தான் தெம்பு இல்லை. கூட்டத்திலிருந்து வந்தவள் மில்லுக்குப் போன வாளியைக் கழுவி வைத்துவிட்டுத் தரையில் படுத்தாள், அப்படியே தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை முதல் வீட்டின்மேல் வெயில் அடித்தது. பதினோராம் வீட்டின்மேலும் அடித்தது. இரண்டு முனையிலிருந்தும் மேகம் ஒதுங்கிக்கொண்டு வந்தது. முதல் வீடு தன் மேகத்தை இரண்டாம் வீட்டுக்குத் தள்ள, இரண்டாம் வீடு மூன்றாம் வீட்டுக்குத் தள்ள, அந்தப் பக்கமிருந்தும் அதே மாதிரி தள்ள, நான்கு நாளில் மேகம் முழுவதும் ஆறாம் வீட்டுக் கூரைமேல் வந்து சேர்ந்தது. பதினொரு வீட்டு மேகம் ஒரு வீட்டு அகலத்தில் நின்றதால் உயரமாகவும் கறுப்பாகவும் இருந்தது. நான்காம் கட்டையிலிருந்தே தெரிந்தது. பனைக்குலை லாரிக்காரர்கள் அதை அடையாளமாக வைத்துத் திரும்பினார்கள்.

பிறகு மழை பெய்தது. ஆறாம் வீட்டின்மேல் மட்டும், சுவருக்குச் சுவர் அளந்த மாதிரி, ஒரு வருடம் பெய்தது. ஒரே கூரைதான்; ஆனாலும் செல்லாயி பக்கத்துத் தகரத்தில் ஒரு சொட்டு விழவில்லை. சரளாவின் மீட்டர் நாளுக்குக் கால் யூனிட் காட்டியது. அதில் ஒரு விளக்கு எரிந்தது. மற்றப் பத்து வீடுகளிலும் ஆறு யூனிட் வந்தது. செல்லாயி சலவை யந்திரம் வாங்கினாள். சன்னாசி ஒரு டிவி வாங்கி, சத்தத்தைக் கூட்டி வைத்தார். சுவர் பொதுவாக இருந்ததால் சரளாவுக்கு வசனம் எல்லாம் நடுவிலிருந்த நான்கு வீடுகளைத் தாண்டி மழைச்சத்தத்தோடு சேர்ந்து கேட்டது. தேவன் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நடந்து வந்து, வாசல்படியில் குடையை விரித்து, இரண்டு எட்டு வைத்து, மடக்கிவிட்டு உள்ளே நுழைவான். "எனக்கு ஏர்கோன் ரூம்புதாண்டி," என்பான். முதல் மாதம் அவள் சிரித்தாள்.

தனக்கும் ஒரு குச்சி நட்டுப் பார்த்தாள். நல்ல மிளகாயாகப் பார்த்து எடுத்தாள். நட்ட அரைமணியில், போக்கிடம் இல்லாத மேகம் கீழே இறங்கியது. தகரத்தின் இடுக்கு வழியாக, காற்றுத்துளை வழியாக, வீட்டுக்குள் வந்து கூடத்தில் தங்கியது. எதிரே இருந்த சாமி படம் தெரியவில்லை. தேவன் மூக்குக்கண்ணாடியைத் தேடி ஒரு பகல் முழுதும் தவழ்ந்தான். உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. மாவு புளிக்காமல் பூசணம் பிடித்தது. மூன்றாம் நாள் சரளா தட்டுத்தடுமாறிப் பின்பக்கம் போய், தன் குச்சியைத் தானே பிடுங்கி எறிந்தாள். மேகம் எழுந்து கூரைக்குப் போயிற்று. அதன்பின் மழை வெளியில் பெய்வதே ஒரு சௌகரியமாகப் பட்டது.

செல்லாயி தன் வீட்டிலிருந்து வயர் இழுத்துக்கொள்ளச் சொன்னாள். மூன்று வாரம் கிரைண்டர் ஓடியது. நான்காம் வாரம், "ஓ கல்லு ஓடுனா ஏ மெசினு நிக்கிது சரளா, நா என்னா செய்யிறது?" என்றாள். சண்டை எதுவும் இல்லை. சரளா வயரைச் சுருட்டிக் கொடுத்துவிட்டாள். அவரவர் குச்சியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கமும் வெங்காயம் முளைவிட்டிருந்தது. அவரவர் வெயிலை அவரவர் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். நான்கு கடைகளில் இரண்டு கைவிட்டுப் போயின. ஜூனில் ராஜு மனைவி பாப்பாவோடு ஜோகூருக்குப் போனான். அங்கே லாரி ஓட்டுகிற வேலை. சாவியைச் செல்லாயியிடம் கொடுத்தான். குச்சியை மறந்துவிட்டான். அக்டோபரில் மூன்றாவது கடையும் போனபின், சரளா கையுறைத் தொழிற்சாலைக்கு மனுப்போட்டாள். பழைய ஆள் என்பதால் உடனே பதில் வந்தது. ஜனவரி இரண்டாம் தேதி வரச்சொல்லியிருந்தார்கள். கடிதம் ஈரத்தில் ஊறிப்போனதால் அதை இரும்புப் பெட்டியில் துணிக்கடியில் வைத்தாள்.

நவம்பரில் ஈப்போ ஒப்பிஸிலிருந்து தினேஸ்வரி என்ற பெண் வந்தாள். கணக்கெடுக்கிற அதிகாரி. முப்பது வயதுக்குள் இருக்கும். சரளா வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் முழுதாக நனைந்துவிட்டாள். மேகத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தில் 'தடை: உண்டு' என்று எழுதினாள். அந்தக் கட்டத்தில் அதற்குமேல் இடம் இல்லை. ராஜுவின் பூட்டிய வீட்டைத் தாண்டிவிட்டு, சன்னாசி பெருமையோடு மற்ற ஒன்பது வீட்டு மீட்டரையும் காட்டினார்.

"ஒம்போது வீடு ஆறு ஆறு யூனிட்டும்மா. இந்த ஒண்ண விட்டுத் தள்ளுங்க."

"தள்ள முடியாது ஐயா. ஒரே கூரை, ஒரே பைலு. எந்த வீடு ரொம்பக் கொறச்சலோ அதத்தான் லயத்துக் கணக்கா எடுப்பாங்க. சூராட்டுல மூணாம் பக்கத்துல இருக்கு. படிக்கலியா?"

மூன்றாம் பக்கம் மலாயில் இருந்தது. எல்லாரும் அதன் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"அப்ப இந்த வீட்டுக் கால் யூனிட்டுதான் எங்க எல்லாருக்குமா?" என்றாள் செல்லாயி.

"டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி. இந்த மூணு மாசமும் எல்லா வீட்லயும் ரெண்டுக்குக் கொறையக்கூடாது. அவ்வளவுதாங்க எனக்குத் தெரியும்," என்றாள் தினேஸ்வரி. நனைந்த படிவத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு காலை குச்சிகளைப் பிடுங்குவதென்று முடிவாயிற்று. முதலில் பிடுங்குகிறவன் வீட்டுக்கு மேகம் முழுவதும் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி இருந்ததால், சன்னாசி கோயில் மணியை அடிப்பது, எல்லாரும் ஒரே நேரத்தில் பிடுங்குவது என்று பேசிக்கொண்டார்கள். மணி அடித்தது. ஒருவரும் பிடுங்கவில்லை, மற்றவர் பிடுங்குகிறாரா என்று வேலிக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் மணிக்கும் அப்படியே. மணியடித்த சன்னாசியின் குச்சியும் மண்ணில்தான் இருந்தது. பிடுங்குவதற்கு எதுவும் இல்லாத சரளா தன் வீட்டுப் பின்வாசலில் மழையில் நின்றாள்.

"ஒரு வருசம் நனைஞ்சேன். செத்தா போயிட்டேன்?" என்றாள்.

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. செல்லாயி குனிந்து தன் குச்சியைப் பிடுங்கினாள். அதன்பின் வரிசையாக எட்டுக் குச்சிகள் வந்தன. பதினோராம் வீட்டுக் குச்சி மட்டும் நின்றது. நட்ட கை ஜோகூரில் இருந்தது. இதையெல்லாம் பார்க்க வந்திருந்த பெர்னார்ட், இதிலெல்லாம் தனக்கு நம்பிக்கையில்லை என்று சொல்லிவிட்டு, குறடு ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் அந்தச் சாத்தே குச்சியை இழுத்தான். குறடு வளைந்தது. அவன் அதைப் பையில் போட்டுக்கொண்டு, ராஜு வீட்டைப் பற்றிய பேச்சை நிறுத்திக்கொண்டான்.

மாலைக்குள் மேகம் பரவியது. முதல் வீட்டிலிருந்து பத்தாம் வீடு வரைக்கும் போர்த்திக்கொண்டது. ஆனால் ஒரு வருடம் ஓயாமல் பெய்ததில் அது இளைத்திருந்தது. பலமுறை துவைத்த மல்லுத்துணி மாதிரி, பின்னால் சூரியன் இருக்கும் இடம் தெரிந்தது. மழை நின்றது. நாளுக்கு இரண்டேகால் யூனிட் வந்தது. மேகம் பழைய கனத்தில் திரும்பியிருந்தால் வந்திருக்காது. அதன் கனமெல்லாம் யார் கூரையில் இறங்கியது என்று லயத்தில் யாரும் சொல்லவில்லை. செல்லாயி ஒரு தட்டில் வடை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பத்து வீட்டுக் கணக்கு சரியாயிற்று. பதினோராம் வீட்டில்தான் சிக்கல் வந்தது. அதன்மேல் முழு வெயில் அடித்தது. மீட்டரோ சுழியத்தில் நின்றது. பெர்னார்ட் அதை விளக்கினான். பேட்டரி நிரம்பிவிட்டால் பலகை சும்மா இருக்கும். எரிக்க ஆள் இல்லாத வீட்டில் எவ்வளவு வெயில் அடித்தாலும் மீட்டர் ஓடாது. யாராவது உள்ளே இருந்து கரண்டைச் செலவழிக்க வேண்டும். நிறையச் செலவழிக்க வேண்டும். அவன் சொல்லி முடித்ததும் எல்லாரும் சரளாவைப் பார்த்தார்கள்.

சன்னாசிதான் ராஜுவைத் தொலைபேசியில் பிடித்துச் சரளாவிடம் கொடுத்தார்.

"தம்பி, எங்க வீடு ஒழுகுது. கிரைண்டர ஓ வீட்டுல கொஞ்ச நாள் வச்சுக்கவா?"

"வச்சுக்கக்கா. சும்மாதானே கெடக்கு. மேகம் போச்சா?"

"எங்க போவுது," என்றாள் சரளா. "இங்கதான் நிக்கிது."

அது பொய்யில்லை. பத்து வீட்டின்மேல் நின்றது. மிச்சத்தை அவள் சொல்லவில்லை; அவனும் கேட்கவில்லை. சுற்றி நின்றவர்கள் யாரும் திருத்தவில்லை.

டிசம்பர் முதல் தேதி தேவனும் பெர்னார்டும் கிரைண்டரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய்ப் பதினோராம் வீட்டில் இறக்கினார்கள். ஐஸ்கிரீம் பெட்டியும் போயிற்று. சுவிட்சைப் போட்டதும் கல் சுற்றியது, இன்வெர்ட்டர் கீச்சிடவில்லை. சரளா சற்று நேரம் அதைப் பார்த்தாள். பிறகு உளுந்தைப் போட்டாள். ஜனவரி இரண்டாம் தேதி கமுந்திங் பஸ் நான்காம் கட்டையில் வந்து நின்றது. கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போயிற்று. பெப்ரவரி முடிவில் தினேஸ்வரி பதினொரு மீட்டரையும் எழுதிக்கொண்டாள். பதினோராம் வீட்டில் குடியிருப்பது யார் என்ற இடத்தில், மாவு வாசனையை மோந்துவிட்டு, 'ஆள் உண்டு' என்று எழுதினாள். ஏப்ரலில் லயம் குடியிருப்பாகப் பதிவாயிற்று. ஜெலாப்பாங்குக்கு யாரும் போகவில்லை. கோயிலில் பொங்கல் வைத்தார்கள்.

அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. விட்டுப்போன கடைகளில் இரண்டு திரும்ப வந்தன. தாப்பாவிலிருந்து ஒரு கடைக்காரர் புதிதாக வாரத்துக்கு மூன்று நாள் வாங்கிப் போகிறார். சரளாவின் மணிக்கட்டு வலி போகவில்லை. ஆனால் வாளி தூக்குவதில்லை. ஆறாம் வீட்டில் இப்போதும் இரண்டேகால் யூனிட்தான்; கிரைண்டருக்கும் பெட்டிக்கும் மூன்று வேண்டும். காலையில் மேகத்தின் அடியில் சமைத்துவிட்டு, நான்கு வீடு தாண்டி வெயிலுக்குள் நுழைந்து மாவரைத்துவிட்டு, மாலையில் மேகத்துக்குத் திரும்பி வருகிறாள். நிழல் முடிகிற கோடு ராஜுவின் வாசலில் சுண்ணாம்பு போட்ட மாதிரி இருக்கும். பத்து வீட்டுத் துணியும் இப்போது அங்கேதான் காய்கிறது. தபால்காரர் முதற்கொண்டு எல்லாரும் அதை வெயில் வீடு என்கிறார்கள். பின்பக்கத்துக் குச்சியில் மிளகாய் செடியாகி, அந்தச் செடி சரளாவின் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிறாள், காய் பறிப்பதில்லை.

ராஜு கூப்பிட்டது ஒரு புதன்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தாமல் தொலைபேசியைக் காதில் வைத்தாள். மனைவி பாப்பாவுக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது என்றான். ஒரே ரூமில் இருக்கிறார்களாம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர், துணி காய்வதில்லை, பிள்ளைக்கு நெஞ்சில் சளி. லாரி வேலை பரவாயில்லை, இங்கேயே பெரிய வீடாகப் பார்த்து வைத்திருக்கிறான். ஐந்து வருட அக்ரிமெண்ட்.

"நாளைக்கி சைன் வைக்கணுங்கா. அதுக்குள்ள பாப்பா ஒரே ரகள. நம்ம வீட்டு மேல வெயில் அடிக்குதுன்னு யாரோ சொன்னாங்களாம். நா நம்பல. மேகம் இங்கதான் நிக்கிதுன்னு நீதானே சொன்னே?"

ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையில் சதுரமாக விழுந்து, கிரைண்டரின் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாவு பொங்கி விளிம்புக்கு வந்திருந்தது. சரளா ஒரு கையால் அதை வழித்து உள்ளே தள்ளினாள். அந்தப் பக்கம் பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டது. இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மேகம்னா நா இங்கயே சைன் வச்சிடுறேன். வெயிலுன்னா இந்த மாசமே புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துர்றேன். ஓ வாயாலதாங்கா கேக்கணும். சொல்லு, ஏ வீட்டு மேல வெயில் அடிக்குதா, இல்லியா?"